‘போர்டு டெட்’டுன்னு சொன்னா நம்பாதீங்க!

சென்னையில் இன்ஜினீயரிங் படிக்கிறவன் டிகிரி வாங்குவதற்குள் மூன்று இடங்களுக்குப் போயே தீர வேண்டும். ஒன்று, அரியர் ஃபீஸ் கட்டுகிற கவுன்ட்டர். ரெண்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் டீ கிடைக்கிற கடை. மூணு... ரிச்சி ஸ்ட்ரீட்!

முதல் ரெண்டுக்கும் வழி சொல்லத் தேவையில்லை. விதியே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். மூணாவதுக்குத்தான் கைடு வேணும். வாங்க, ஒரு ரவுண்ட் சுத்திப் பார்ப்போம்!

மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கணும். பறக்கும் ரயில்னா சிந்தாதிரிப்பேட்டை. பஸ்ஸில் வந்தால் அண்ணா சாலை. எதில் வந்தாலும் கடைசிக் கொஞ்ச தூரம் நடராஜா சர்வீஸ்தான். பைக்கில் மட்டும் வந்துடாதீங்க. உலகத்தில் இருக்கிற எல்லா ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்கிற ஏரியாவில், பார்க்கிங் மட்டும் கிடைக்காது!

ரிச்சி ஸ்ட்ரீட் என்பது ஒரு தெருவின் பெயர்தான். ஆனால், நம்ம ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொன்னால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு, நடுவில் ஓடுகிற சந்து பொந்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இதில் மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் கோட்டை. படப்பெட்டி தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடிய ஏரியாவில் இன்றைக்கு மானிட்டர் பெட்டி தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு. நமக்கு ரிச்சி!

தெருவுக்குள் காலை வைத்ததுமே, “சார், என்ன வேணும்? லேப்டாப்பா, சி.சி.டி.வி.யா, மொபைல் டிஸ்ப்ளேவா?” என்று நாலு பக்கமும் குரல்கள். அசராமல் நடக்கணும். ஒரு கடை முழுக்கக் கேபிள். அடுத்த கடை முழுக்க ஸ்பீக்கர். அதற்கடுத்த கடையில் ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஐ.சி. எல்லாவற்றையும் மளிகைக் கடை மாதிரி டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். “எல்.இ.டி. நூறு, டென் கே ரெசிஸ்டர் அம்பது” என்று சொன்னால், கடுகு சீரகம் மாதிரி பொட்டலம் கட்டித் தருகிறார் கடைக்காரர். வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர், செல்போன்... சென்னைக்காரன் வீட்டில் என்னென்ன பொருள் நுழைந்ததோ, அத்தனையின் பாகமும் ஒருமுறை இந்தத் தெரு வழியாக நடந்து போயிருக்கிறது.

இதெல்லாம் கீழ்த்தளத்து சங்கதி. நாம் பார்க்க வந்தது மாடி!

மாடிப்படி மருத்துவமனை

ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் பின்வாங்க வேண்டிய அகலத்தில் படிக்கட்டு. ஏறினால், எட்டுக்குப் பத்து அடி ரூம். சுவர் முழுக்க அலமாரி. அதில் புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்கப்பட்ட பச்சை, நீல மதர்போர்டுகள். நடுவில் ஒரு மேஜை, மைக்ரோஸ்கோப், சால்டரிங் அயர்ன், சூடான காற்று ஊதுகிற ஹாட் ஏர் கன். ரூம் முழுக்க ரெசின் புகையின் வாசனை. கோயில் கர்ப்பகிரகம் மாதிரி ஒரு ஃபீலிங்!

இந்தத் தெருவில் இதற்குப் பேர் ‘சிப் லெவல் சர்வீஸ்’. ஒரு போர்டு கெட்டால் போர்டையே மாற்றாமல், அதில் கெட்டுப்போன ஒரே ஒரு பாகத்தை மட்டும் கண்டுபிடித்து மாற்றுவது. கேட்க ஈஸியாக இருக்கும். ஒரு லேப்டாப் மதர்போர்டில் பொடிப் பொடியாக ஆயிரக்கணக்கில் பாகங்கள் இருக்கும் என்பதை யோசித்தால்தான் தலை சுற்றும்.

நான் இங்கே வந்தது என் கிளாஸ்மேட்டோடு. செய்யாறு பக்கம் கிராமம். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். அவனுடைய லேப்டாப், அக்கா ஒரகடம் கம்பெனி வேலையில் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்டில் வாங்கித் தந்தது. ஒரு சாயங்காலம் சார்ஜர் போட்டான், லைட் எரியவில்லை. அவ்வளவுதான். பிளேஸ்மென்ட்டுக்கான ஆன்லைன் டெஸ்ட்டுக்கு இன்னும் ஒன்பது நாள். புராஜெக்ட் கோடு பூரா அதற்குள்.

முதலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏ.சி. ஹால், டோக்கன், சிரித்த முகம். ஒரு மணி நேரம் கழித்து, “போர்டு டெட் சார். மாத்தணும். பதினெட்டாயிரம் ஆகும். அதுக்குப் புதுசு வாங்கிடுங்களேன்” என்றார்கள். அந்த லேப்டாப் வாங்கியதே பதினாலாயிரத்துக்கு! வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவன், “அக்காகிட்ட எப்படிடா சொல்றது?” என்று மட்டும்தான் கேட்டான்.

சீனியர் ஒருத்தர் கொடுத்த அட்ரஸில்தான் இந்த மாடிக்கு ஏறினோம்.

கடுகு சைஸ் குற்றவாளி

மேஜைக்குப் பின்னால் இருந்த அண்ணனுக்கு வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். “பேரெல்லாம் போடாதீங்க தம்பி, அப்புறம் ஓசியில பாக்கச் சொல்லி ஊர்ல இருந்து கௌம்பி வந்துடுவானுங்க” என்று கண்டிஷன் போட்டுவிட்டார். அதனால், இந்தக் கட்டுரை முழுக்க அவர் ‘அண்ணன்’தான்.

லேப்டாப்பைக் கையில் வாங்கியதும் திறப்பார் என்று பார்த்தால், திறக்கவில்லை. கேள்வி கேட்டார்.

“கீழ விழுந்துச்சா?”

“இல்லண்ணா.”

“தண்ணி, டீ, காபி?”

“இல்லண்ணா.”

“கரன்ட் போய் போய் வந்துச்சா?”

“ஆமாண்ணா, அன்னிக்கு ஹாஸ்டல்ல மூணு வாட்டி...”

“ம்” என்றவர் சார்ஜரை பிளக்கில் போட்டார். அடாப்டரில் பச்சை லைட் எரிந்தது. பின்னை லேப்டாப்பில் சொருகினார். பச்சை லைட் அணைந்தது. உருவினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது.

“பாத்தியா? உள்ள எங்கயோ ஷார்ட். அடாப்டர் பயந்துக்கிட்டுத் தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்குது. போர்டு சாகல தம்பி. வாய்ல ஏதோ சிக்கியிருக்கு, அவ்ளோதான்!”

பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். ஃபேனுக்குள் தலையணைப் பஞ்சு மாதிரி தூசி. பிராசஸர் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. போர்டை வெளியே எடுத்து, மல்ட்டி மீட்டரை வைத்து பாடம் எடுக்க ஆரம்பித்தார் அண்ணன். நாலு வருஷம் கிளாஸில் உட்கார்ந்ததில் கிடைக்காத பாடம்!

“மேட்டூர் டேம்ல இருந்து வயலுக்குத் தண்ணி எப்படி வருது? பெரிய வாய்க்கா, சின்ன வாய்க்கா, மடை. இதுவும் அப்படித்தான். சார்ஜர்ல இருந்து 19 வோல்ட் உள்ள வருது. அது 5 ஆகுது, 3.3 ஆகுது, பிராசஸருக்குப் போறப்ப 1 வோல்ட் பக்கமா ஆகுது. எந்த வாய்க்கால்ல அடைப்புன்னு பாத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.”

மீட்டர் பீப் அடித்தது. 19 வோல்ட் வருகிற பெரிய வாய்க்காலிலேயே கோளாறு. ஆனால், அந்த லைனில் இருபதுக்கு மேல் குட்டிக் குட்டி கெபாசிட்டர்கள். எது திருடன்?

“இருபது பேர் கையைக் கோத்துக்கிட்டு நிக்கிறாங்க. அதுல ஒருத்தன் கரன்ட்டைக் கீழ விடுறான். மீட்டருக்கு இருபது பேரும் ஒண்ணுதான். யாரைத் தொட்டாலும் பீப் அடிக்கும். அப்ப என்ன பண்ணணும்? எவனுக்கு வேர்க்குதுன்னு பாக்கணும்!”

ஒரு பவர் சப்ளையை எடுத்து, வெறும் 1 வோல்ட் வைத்து அந்த லைனில் கரன்ட்டை ஏற்றினார். போர்டு மேல் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தடவினார். ஸ்பிரிட் மாதிரி சீக்கிரம் ஆவியாகிற திரவம். போர்டு பூரா ஈரம் மின்னிக்கொண்டிருக்க, ஓரமாக ஒரே ஒரு கெபாசிட்டர் மேல் மட்டும் கண் முன்னாலேயே காய்ந்தது. கரன்ட் முழுக்க அதன் வழியாக ஓடுவதால் சூடு. சூடு இருக்கிற இடத்தில் ஈரம் நிற்காது.

கடுகு சைஸில் ஒரு பழுப்பு நிறப் பொட்டு. பதினெட்டாயிரம் ரூபாய் குற்றவாளி அதுதான்!

ஹாட் ஏர் கன்னில் அதை எடுத்தார். மீட்டரை வைத்தார். பீப் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு செத்த போர்டை உருவி, அதிலிருந்து அதே மாதிரி ஒரு கெபாசிட்டரைப் பெயர்த்து இங்கே வைத்தார். அப்போதுதான் புரிந்தது, அந்த அலமாரி குப்பை இல்லை, ரத்த வங்கி! கண் தானம், கிட்னி தானம் மாதிரி செத்த போர்டுகள் எல்லாம் உயிரோடு இருக்கிற போர்டுகளுக்கு உறுப்பு தானம் செய்துகொண்டிருக்கின்றன.

சார்ஜரைச் சொருகினார். பச்சை லைட் அணையவில்லை. பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது. ஸ்க்ரீனில் லோகோ. என் நண்பன் சேரிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான். பில், ஆயிரத்து இருநூறு. தூசி தட்டியது, பேஸ்ட் மாற்றியது எல்லாம் சேர்த்து!

“சர்வீஸ் சென்டர்ல ஏண்ணா டெட்டுன்னு சொன்னாங்க?” என்றேன்.

“அவங்களைத் தப்பு சொல்லாதே தம்பி. அங்க உக்காந்திருக்கிற பையனுக்கு போர்டு மாத்தத்தான் கத்துக் குடுத்திருக்காங்க. ஒரு போர்டுக்கு முப்பது நிமிஷம்தான் டைம். நான் சில போர்டை மூணு நாள் வச்சுப் பாத்திருக்கேன். எனக்கு மேல மேனேஜர் இல்ல, அதான் வித்தியாசம்” என்று சிரித்தார்.

அப்புறம் நண்பனிடம், “தம்பி, உசிரு குடுத்துட்டேன். ஆனா இதுல விண்டோஸ் பத்து ஓடுது. அதுக்குக் கெடு முடிஞ்சு போச்சு. அதுக்கு வேற ஆளைப் பாரு” என்றார்.

காலாவதி தேதி யார் போட்டது?

அண்ணன் சொன்ன கெடு, 2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேண்டும். நண்பனுடையது ஆறாவது தலைமுறை. ஃபேன் ஓடுது, ஸ்க்ரீன் பளிச், கீபோர்டில் ஒரு எழுத்து கூட அழியவில்லை. ஆனால் லிஸ்ட்டில் பேர் இல்லை!

இது ஒருத்தன் கதை இல்லை. ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகம் தூக்கிப்போட்ட மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவிகிதம்தான். அந்த மலையில் எத்தனை மெஷின் கடுகு சைஸ் கோளாறில் செத்ததோ, எத்தனை மெஷின் சாகாமலேயே போய்ச் சேர்ந்ததோ!

நம்ம நாட்டிலும் 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக மத்திய அரசு தனி இணையதளம் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால், உரிமை இருந்தால் மட்டும் போதுமா? பழுது பார்க்கத் தெரிந்த கை வேணுமே! அந்தக் கைக்கு ஒரு மூளையும் துணைக்கு வேணுமே! அந்த ரெண்டாவது கோஷ்டியைத் தேடித்தான் அடுத்த பயணம்.

சனிக்கிழமை சபை

ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஒரு காலேஜின் கிளாஸ்ரூம். முப்பது பேர் இருப்பார்கள். ரிட்டயர்டு பேங்க் ஆபீஸர், ஐ.டி. கம்பெனி அக்கா, ஸ்கூல் வாத்தியார், எங்களை மாதிரி அரை டஜன் ஸ்டூடன்ட்ஸ். டை கிடையாது, ‘சீஃப் கெஸ்ட்’ கிடையாது, பொன்னாடை கிடையவே கிடையாது. டீயும் பிஸ்கட்டும் உண்டு. இதுதான் லினக்ஸ் பயனர் குழுவின் மாதாந்திரக் கூட்டம்!

இந்த மாதிரி சபைகளுக்குப் பெரிய பாரம்பரியம் இருக்கு. 1975 மார்ச் 5-ம் தேதி, அமெரிக்காவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்று பேர். அதில் ஒருத்தர் ஸ்டீவ் வோஸ்னியாக். தான் வடிவமைத்த ஆப்பிள்-1 கம்ப்யூட்டரின் சர்க்யூட் வரைபடத்தை அந்த கிளப்பில் இலவசமாகவே கொடுத்தார். கம்பெனி எல்லாம் அப்புறம். முதலில் பகிர்ந்துகொள்கிற சபைதான்!

1991-ல் லினக்ஸை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போது வயது 21. என்னைவிட ஒரே வயசு பெரியவர்! (இதை வீட்டில் யாரும் படிக்காமல் இருக்கக் கடவது.) அந்த லினக்ஸ் சென்னைக்கு வந்தபோது இங்கேயும் சபை கூடியது. சென்னை லினக்ஸ் பயனர் குழு பல வருஷங்கள் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடி வந்திருக்கிறது.

“அப்ப நெட் ஸ்பீடுல ஒரு சி.டி. டவுன்லோடு பண்ண ராத்திரி பத்தாது. ஒருத்தர்கிட்ட சி.டி. இருந்தா, கூட்டத்துக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுப்போம். உபுன்டுக்காரங்க கேட்டா தபால்லயே ஃப்ரீயா சி.டி. அனுப்புவாங்க. 2011-ல அதை நிறுத்துனப்ப வீட்ல துக்கம் மாதிரி இருந்துச்சு” என்று ஃபிளாஷ்பேக் ஓட்டினார் அந்த ரிட்டயர்டு பேங்க் சார்.

தமிழ்நாட்டுக்கு இதில் இன்னொரு நெருக்கமான கணக்கும் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், ஆரம்ப வருஷங்களில் கொடுத்த மெஷின்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது அது. “ஆனா பசங்க பாதிப் பேர் அதைத் திறந்தே பாக்கல. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையே” என்றார் ஸ்கூல் வாத்தியார். பொருளைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஒருத்தர் வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தச் சபை. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுத 2012-ல் ‘கணியம்’ மின்னிதழ் தொடங்கியதும் இதே தவிப்பில்தான்.

நண்பனின் லேப்டாப்பைப் பார்த்ததும் ஐ.டி. அக்கா கேட்ட முதல் கேள்வி அட்டகாசம்.

“டெஸ்ட் பிரவுசர்ல நடக்குதா, இல்ல தனி சாஃப்ட்வேர் இறக்கச் சொல்றாங்களா? அதை முதல்ல கேளுப்பா. சிலது விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். தெரியாம மாத்திட்டு அன்னிக்குக் காலைல முழிக்கக் கூடாது.”

பிரவுசர்தான் என்று மெயிலைக் காட்டினான். வேலை ஆரம்பித்தது. முதலில் அவனுடைய ஃபைல்களை எல்லாம் வெளி டிஸ்க்கில் காப்பி. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினார்கள். அது நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிற தட்டு. அதன் இடத்தில், சுற்றுவதற்கு எதுவுமே இல்லாத எஸ்.எஸ்.டி. யாரோ அப்கிரேட் செய்தபோது கழற்றி, ‘தேவைப்படுறவங்களுக்கு’ என்று குழுவிடம் கொடுத்து வைத்தது. பிறகு பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட். அதிலும் லேசான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. “இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாரு. வைஃபை, சவுண்டு, கேமரா மூணும் வேலை செய்யுதான்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு” என்று அவன் கையாலேயே செய்ய வைத்தார்கள். ஒருத்தரும் மௌஸைத் தொடவில்லை!

முன்னே ஆன் செய்துவிட்டுப் பல் தேய்த்து வரலாம். இப்போது பிரஷ்ஷில் பேஸ்ட் வைப்பதற்குள் ரெடி! டெஸ்ட் எழுதினான். முதல் ரவுண்ட் பாஸ். அடுத்த ரவுண்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அக்காவுக்கு இன்னமும் லேப்டாப் செத்துப் பிழைத்த கதை தெரியாது.

தெருவும் சபையும்

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

சபையில் இருக்கிறவர்களுக்கு லினக்ஸின் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. கற்றதை எல்லாம் எழுதி வைக்கிறார்கள், கேட்கிறவனுக்கெல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஆனால் மதர்போர்டில் ஷார்ட் என்றால் கையை விரிக்கிறார்கள். தெருவிலோ அண்ணன் கையில் முப்பது வருஷ வித்தை. அதில் ஒரு வரி கூட எழுதப்படவில்லை. டி.வி. மெக்கானிக் ஒருத்தரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் அவர். அவரிடம் வேலை கற்க வந்த கடைசிப் பையன், டெலிவரி வேலையில் அன்றன்றைக்கே கையில் காசு கிடைக்கிறது என்று போய்விட்டானாம். “எனக்கப்புறம் இந்த சேர்ல யாருன்னு தெரியல தம்பி. சேரை மட்டும் வாங்கிக்க ஆள் இருக்கு” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதில் சிரிப்பு இல்லை.

மெஷின்களும் மாறுகின்றன. ஒல்லியான புது மாடல்களில் ராமையே போர்டோடு சேர்த்து சால்டர் செய்துவிடுகிறார்கள். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். திறக்கவே பயப்படுகிற பொருளை யார் கற்றுக்கொள்வார்கள்? வித்தை தெரிந்தவர்கள் குறையக் குறைய, ‘போர்டு டெட்’ என்கிற வார்த்தைதான் சட்டமாகும். அதை எதிர்த்துக் கேட்க, படித்த நமக்கே தெரியாது.

சபைக்காரர்களிடம் இதைச் சொன்னோம். “கூட்டிட்டு வாங்களேன், பேசச் சொல்வோம்” என்றார் பேங்க் சார். அண்ணனிடம் போய் நின்றோம். “நான் பேசறதா? பி.பி.டி.யெல்லாம் எனக்கு வராதுப்பா!” என்றார். மூணு தடவை நடந்த பிறகு, “சரி, ஒரு மணி நேரம்தான். கடைய யாரு பாக்கறது?” என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் மூணு செத்த போர்டு, ஒரு மீட்டர், ஒரு பவர் சப்ளை. ஒரு செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, அதன் கேமராவை புரொஜெக்டரில் காட்டினோம். பெரிய திரையில் போர்டு ஒரு ஊர் மேப் மாதிரி விரிந்தது.

“முதல்ல காது. கஸ்டமர் சொல்றதைக் கேளு. பாதி கோளாறு அங்கயே தெரிஞ்சிடும். ரெண்டாவது கண்ணு. கருகல், துரு, உப்பல் இருக்கான்னு பாரு. மூணாவது மூக்கு. எரிஞ்ச ஐ.சி. ஒரு நாத்தம் அடிக்கும், ஒருவாட்டி மோந்தா மறக்காது. மீட்டர் நாலாவதுதான். இப்ப வர்ற பசங்க மீட்டர்ல ஆரம்பிக்கிறாங்க. அதான் தப்பு!”

கூட்டம் பின் டிராப் சைலன்ஸ். மேட்டூர் டேம் கதை வந்தது, கைகோத்து நிற்கிற இருபது பேர் வந்தார்கள். பிறகு ரெண்டாவது போர்டை எடுத்து, “இதுல யாருக்கு வேர்க்குதுன்னு நீங்க கண்டுபிடிங்க, பாப்போம்” என்று மீட்டரை நீட்டினார். யாரும் எழவில்லை. கடைசி பெஞ்ச்சிலிருந்து மூணாம் வருஷ இ.சி.இ. மாணவி ஒருத்தி எழுந்து வந்தாள். பத்து நிமிஷம். கை கொஞ்சம் நடுங்கியது. ஆல்கஹால் தடவினாள், கரன்ட் ஏற்றினாள், குனிந்து பார்த்தாள்.

“அண்ணா... இதுதானே?”

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஹாட் ஏர் கன்னை அவள் கையில் கொடுத்தார். கெபாசிட்டரை எடுத்ததும் பீப் நின்றது. கிளாஸ்ரூமில் கைத்தட்டல் நிற்க ரொம்ப நேரம் ஆனது!

ஒரு மணி நேரம் என்று வந்தவர் மூணரை மணி நேரம் பேசினார். எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள். அதைத் தமிழிலேயே பாடமாக எழுத நாலு பேர் பொறுப்பு எடுத்திருக்கிறார்கள். கிளம்பும்போது அந்த மாணவியிடம், “சனிக்கிழமை சனிக்கிழமை கடைக்கு வர்றியாம்மா? சம்பளம் பெருசா தர முடியாது. வேலை தர்றேன்” என்றார். அவள் இப்போது போய்க்கொண்டிருக்கிறாள். வீட்டில், ‘இன்டர்ன்ஷிப்’ என்று சொல்லியிருக்கிறாளாம். பொய்யா என்ன? இதைவிட நல்ல இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கும்!

தெருவில் கை இருக்கு. சபையில் குரல் இருக்கு. நடுவில் ஏழெட்டு கிலோமீட்டர் தூரம்தான். அதை நடந்து கடக்க வேண்டியது, ரெண்டு பக்கமும் தெரிந்த நம்மை மாதிரி பசங்களின் வேலை.

ரிச்சி போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு லீவு. வேலை நாளில் மத்தியானத்துக்குள் போய்விட்டால் நெரிசல் கம்மி.

* சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் முடிந்தால் டேட்டாவை காப்பி எடுங்க. ஹார்டு டிஸ்க், ராம் சீரியல் நம்பர்களை போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

* ராம் வாங்கும் முன் உங்கள் மெஷினுக்கு டி.டி.ஆர். 3-ஆ, 4-ஆ என்று பாருங்க. லேப்டாப் டி.டி.ஆர். 3-க்கு 204 பின், டி.டி.ஆர். 4-க்கு 260. வெட்டு இருக்கிற இடமும் வேற. அழுத்தினால் உட்காராது, உடையும்!

* பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. லித்தியம் தீப்பிடித்தால் விளையாட்டு இல்லை. குப்பைத் தொட்டியிலும் போடாமல், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்க.

* பழைய லேப்டாப்பை விற்கும் முன் டிஸ்க்கை முழுசாக அழிச்சிடுங்க. ‘டெலிட்’ பட்டன் மட்டும் போதாது.

* ‘போர்டு டெட்’ என்று யார் சொன்னாலும், “எந்த லைன்ல ஷார்ட்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வந்தால் அவர் டாக்டர். வராவிட்டால்... மாடிப்படி ஏறுங்க பாஸ்!